பஜ்ஜி ஜீப் – 14: சாரலில் உறைந்த எண்ணெய்

துல்கர்னைன் சவூதி வேலையை முடித்துக்கொண்டு வடகரைக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. இந்தப் பன்னிரண்டு நாளில் அவர் மனைவி ஹைருன் பீவியிடம் பேசியதை எல்லாம் ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம்.

வந்த அன்றைக்கு நடந்ததுதான் காரணம்.

திருவனந்தபுரத்தில் இறங்கி, செங்கோட்டை டாக்சி ஒன்றைப் பிடித்து வந்துகொண்டிருந்தார். புளியரை தாண்டியதும் முன்னால் போன பழைய ஜீப்பிலிருந்து பஜ்ஜி சுடுகிற வாசனை வந்தது. டாக்சிக்காரர் சிரித்தார். அது பஜ்ஜி ஜீப், டீசலில் ஓடவில்லை, கடை எண்ணெயில் ஓடுகிறது, ஓட்டுவது ஒரு பொம்பளை என்று விவரம் சொன்னார். ஜீப் செங்கோட்டையைக் கடந்து, பண்பொழியைக் கடந்து, வடகரைக்குள் திரும்பி, துல்கர்னைன் வீட்டு வாசலில் போய் நின்றது. இறங்கியது ஹைருன்.

அந்த ஜீப்பைப் பத்து வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது அவர் ஆசைப்பட்டு வாங்கினார். தார்ப்பாய் போட்டு மூடிக் கொட்டகையில் நிற்கிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். அவர் வந்து போன லீவுகளிலெல்லாம் அது அப்படித்தான் நின்றது.

ஆறு வருஷமாக ஹைருன்தான் அதை ஓட்டுகிறாள். மேக்கரைக்கு மேலே, மலைத்தோட்டத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குத்தகைக்கு எடுத்திருக்கிறாள். அந்தப் பாறைப் பாதையில் வேறு எந்த வண்டியும் ஏறாது. பழம் இறக்க வைத்திருந்த டிரைவர் சீசன் நடுவில் துபாய்க்குக் கிளம்பிப் போனபோது, பழம் மரத்திலேயே அழுகுவதைப் பார்க்க முடியாமல், செங்கோட்டை ஒர்க் ஷாப் மணிமுத்துவிடம் பத்தொன்பது நாளில் ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

எண்ணெய் யோசனை மகள் ரிஃபாத்துடையது. கெமிஸ்ட்ரி படித்தவள். பார்டர் பரோட்டாக் கடைகளிலும் குற்றாலத்துப் பஜ்ஜிக் கடைகளிலும் மிஞ்சுகிற பழைய எண்ணெயை வாங்கி வந்து, டிரம்மில் பத்து நாள் தெளியவிட்டு, மூன்று தடவை துணியில் வடிகட்டித் தருவாள். ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் மணிமுத்து பொருத்திய இரண்டாவது டேங்கில் அதை ஊற்றுவார்கள்.

இதெல்லாம் ஊருக்கே தெரியும். துல்கர்னைனுக்கும் தெரியும் என்றுதான் ஊர் நினைத்திருந்தது.

"ஊரே பாத்திருக்கு. நான் மட்டுந்தான் பாக்கல," என்று அவர் ரிஃபாத்திடம் ஒருமுறை சொன்னார். ஹைருனிடம் அதைக்கூடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது மட்டும், புனலூரிலிருந்து ஒரு ஆள் நாளைக்கு நாலு மணிக்கு ஜீப்பைப் பார்க்க வருகிறார், விலை பேசியாகிவிட்டது என்றார்.

ஹைருன் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். நாளைக்கு மங்குஸ்தான் இறக்க வேண்டும், நாலு மணிக்குள் வந்துவிடுவேன் என்றாள். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் வண்டியைக் கிளப்பியபோது, துல்கர்னைன் வந்து இடப்பக்க சீட்டில் உட்கார்ந்தார். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

* * *

சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. அடவிநயினார் அணைப் பக்கம் மலை தெரியவே இல்லை. மேக்கரையில் முத்துசெல்வியும் இன்னும் மூன்று தோட்ட வேலைப் பெண்களும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். ஏறும்போதே முத்துசெல்வி, அண்ணாச்சியும் வந்திருக்காகளே என்று சொல்லிவிட்டு, ஹைருன் முகத்தைப் பார்த்து மேலே பேசாமல் இருந்துகொண்டாள்.

வீட்டிலிருந்து அதுவரை வண்டி டீசலில்தான் ஓடியது. என்ஜின் சூடேறாமல் எண்ணெயைக் கொடுத்தால் சரியாக எரியாது. பாறைப் பாதை தொடங்கும் இடத்தில் ஹைருன் சூட்டு முள்ளைப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த ஒரு சின்னத் திருகைத் திருப்பினாள். சத்தம் கொஞ்சம் அடங்கியது. பின்னால் எண்ணெயில் பொரிக்கிற வாசனை கிளம்பியது.

துல்கர்னைன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். இருபத்துமூன்று வருஷம் சவூதிக் கல் குவாரியில் மலைமாதிரி லாரிகளுக்கு என்ஜின் பார்த்தவர். தட்டல் இருக்கிறதா, புகை கறுக்கிறதா என்று தேடினார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதைவிட அவருக்கு ஆச்சரியம் ஹைருனின் கால்தான். ஊற்றுப்பாறை ஏற்றத்தில் ஈரப் பாறைமேல் சக்கரம் வழுக்கும் நேரத்தில் அவள் பதறாமல், மிதிக்கவும் செய்யாமல், வண்டி தானே பிடித்து ஏறும்வரை பொறுத்திருந்தாள். குவாரியில் ஆறு மாசம் பழகிய ஆட்களுக்கே அது வராது.

மேல் தோட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவள் திருகை மறுபடி டீசலுக்குத் திருப்பினாள். எதற்கு என்று அவர் கேட்டார். அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு அது.

நிப்பாட்டுகிறபோது பம்பிலும் ஃபில்டரிலும் எண்ணெய் தங்கினால் ஆறிக் கெட்டியாகிவிடும், திரும்பக் கிளம்பாது, அதனால் டீசலை விட்டுக் கழுவிவிட்டுத்தான் அணைக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். அது சரிதான் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

* * *

வீட்டில் பதினொரு மணிக்கே புனலூர்க்காரர் வந்துவிட்டார்.

தங்கச்சன் என்று பெயர் சொன்னார். ஐம்பது வயது இருக்கும். மழைக்கு முன்னே வந்துவிடலாம் என்று கிளம்பினேன், மழை எனக்கு முன்னே வந்துவிட்டது என்று மலையாளம் கலந்த தமிழில் சொல்லிச் சிரித்தார். இதற்காகவே ஆபீசுக்கு லீவு போட்டிருந்த ரிஃபாத் அவரை உட்காரவைத்து டீ கொடுத்தாள். வாப்பாவும் உம்மாவும் மலையிலிருந்து வர நாலு மணி ஆகும் என்றாள்.

அவர் சும்மா உட்காருகிற ஆளாக இல்லை. எண்ணெயில் ஓடுகிற வண்டி என்று கேள்விப்பட்டேன், அந்த எண்ணெயைப் பார்க்கலாமா என்றார். ரிஃபாத் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். ஐந்து டிரம்கள் வரிசையாக இருந்தன. எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று அவர் கேட்டார். கரண்டியில் கொஞ்சம் எடுத்து அடுப்பில் காட்டினால், தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும் என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது டிரம்மின் குழாயைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே எண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது. விரலை வைத்தாள். மெழுகு மாதிரி குழிந்தது. முகர்ந்து பார்த்தாள். நேந்திரங்காய் சிப்ஸ் வாசனை.

தேங்காய் எண்ணெய்.

ரிஃபாத்துக்கு அது எங்கிருந்து வந்தது என்று நினைவு வந்தது. பத்து நாளைக்கு முன்னால், வழக்கமான கடையில் எண்ணெய் குறைவாக இருந்தது. பக்கத்தில் இருந்த சிப்ஸ் கடையில் எல்லாம் ஒரே எண்ணெய்தான் என்று சொல்லி இரண்டு டின் கொடுத்தார்கள். அவளும் அவசரத்தில் பார்க்காமல் வாங்கி வந்து ஊற்றிவிட்டாள். இன்றைக்குக் காலையில், இருட்டு விலகாத நேரத்தில், உம்மாவின் டேங்கில் இருபது லிட்டர் நிரப்பியது இந்த டிரம்மிலிருந்துதான். நேற்று முழுக்க வெயில் அடித்திருந்ததால் அப்போது அது இளகியிருந்தது, விடிந்தபின் சாரலில் உறைந்துவிட்டது. இந்தச் சாரலில், அந்த மலையில், ஐந்தாறு மணி நேரம் வண்டி நின்றால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

உம்மாவுக்குப் போன் போட்டாள். வாப்பாவுக்குப் போட்டாள். மேலே சிக்னல் கிடையாது.

தங்கச்சன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் இல்லை என்று சொல்லி மூடியைப் போட்டிருக்கலாம். வண்டி வாங்க வந்தவரிடம் வண்டி நடுவழியில் நின்றிருக்கும் என்று யாராவது சொல்வார்களா? ஆனால் ஊற்றுப்பாறைப் பக்கம் நாலு மணிக்கு மேல் யானை இறங்கும். வண்டியில் ஆறு பேர்.

"என் மேலதான் தப்பு," என்று ரிஃபாத் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். "என்னைய மேக்கரை செக்போஸ்ட் வரைக்கும் கொண்டு விடுதீங்களா?"

தங்கச்சன் சாவியை எடுத்தார். "கேறு மோளே," என்று அவள் ஏறக் கதவைத் திறந்துவிட்டார்.

* * *

மேலே ஒன்றேகால் மணிக்குப் பதினெட்டுக் கூடை மங்குஸ்தானை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். கூடைகளுக்கு அடியில் பெரணி இலை போட்டு, மேலேயும் இலை மூடி, நடுவில் பெண்கள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். பத்து நிமிஷம் டீசலில் வந்தபின் ஹைருன் திருகைத் திருப்பினாள்.

ஊற்றுப்பாறையில் பாதை கொஞ்ச தூரம் கீழே இறங்கிப் பிறகு மேலே ஏறும். ஏற்றத்தின் பாதியில் என்ஜின் இருமியது. ஹைருன் உடனே திருகை டீசலுக்குத் திருப்பினாள். இரண்டு தடவை துடித்துவிட்டு வண்டி நின்றுபோனது.

பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள் என்றாள். முத்துசெல்வி குதித்துக் கல் வைத்தாள்.

துல்கர்னைன் பானட்டைத் திறந்தார். பம்ப் என்றார், இல்லை, காற்று இழுத்திருக்கிறது என்றார், எண்ணெயில் தண்ணீர் என்றார். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து மாட்டினார். அரை மணி நேரம் போனது. டீசல் டேங்கில் குச்சியை விட்டுப் பார்த்தார். ஒரு விரல் அகலம்கூட நனையவில்லை.

"நேத்து பாதிக்கு மேல இருந்துச்சே," என்றாள் ஹைருன். "யாரு எடுத்தது?"

அவர் குச்சியைப் பார்த்துக்கொண்டே நின்றார். நேற்றுச் சாயங்காலம், வாங்க வருகிற ஆள் பார்ப்பதற்கு என்ஜின் சுத்தமாக இருக்கட்டும் என்று டீசலை இறக்கி, பிரஷ் வைத்துப் பாகம் பாகமாகக் கழுவினார். குவாரியில் அதுதான் பழக்கம். அங்கே டீசலுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

"நான்தான்," என்றார்.

அவள் குனிந்து ஃபில்டரின் கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தாள். ஓரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. எண்ணெய்க் குழாயின் முனையைக் கழற்றச் சொன்னாள். அவர் கழற்றினார். குழாய் வாயில் வெள்ளைக் கட்டி தெரிந்தது. அவருக்கு அது என்னவென்று புரியவில்லை. ஐம்பது டிகிரி வெயிலில் வேலை பார்த்த மெக்கானிக் எரிபொருள் உறைந்து பார்த்ததில்லை. ஹைருன் அதைச் சுண்டுவிரலால் எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். உடனே உருகி மினுங்கியது.

"தேங்காண்ணெ," என்றாள். "சாரலுக்கு வீட்டுல பாட்டிலுக்குள்ள உறையும்லா, அதேதான். இந்தப் புள்ள எங்கனயோ மாத்தி வாங்கிட்டு வந்திருக்கா."

டேங்குக்குள் என்ஜினின் வெந்நீர் ஓடும் செப்புக் குழாய் இருந்தது. அதனால் டேங்கில் இருப்பது இளகிவிடும். டேங்கிலிருந்து முன்னால் வரும் குழாய்தான் வண்டிக்கு அடியில் மழையிலும் ஓடைத் தண்ணீரிலும் நனைந்துகொண்டே வருகிறது. அடைப்பு அதில்தான். அதைச் சூடு காட்டினால் போதும் என்றாள். ஆனால் சுற்றிலும் ஒரு சுள்ளிகூடக் காய்ந்ததாக இல்லை.

இப்போது துல்கர்னைன் யோசித்தார். ரேடியேட்டர் தண்ணீர் சூடாகத்தானே இருக்கும் என்றார். பாதியை மட்டும் இறக்கலாம், டீசல் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, ஏற்றம் ஏற அது பத்தாது, ஆனால் நின்ற இடத்தில் பத்து நிமிஷம் என்ஜின் ஓடப் பத்தும் என்றார். அவர் சொல்லச் சொல்ல அவள் சாப்பாட்டுத் தூக்குகளைச் சேகரித்தாள்.

 அவர் சேற்றில் மல்லாந்து வண்டிக்கு அடியில் போனார். தோளில் கிடந்த துண்டைக் கிழித்துக் கிழித்து எண்ணெய்க் குழாயில் சுற்றினார். முத்துசெல்வி தன் பங்குக்குத் தலைத்துண்டையும் கொடுத்தாள். ஹைருன் தூக்கு தூக்காக வெந்நீரை நீட்ட, அவர் துணிமேல் ஊற்றினார். கடைசியில் தண்ணீர் போதாமல் பிளாஸ்கில் இருந்த, பால் சேர்க்காத கட்டஞ்சாயாவையும் ஊற்றினார்கள். பிறகு குழாயை அதன் பழைய இடத்திலிருந்து உருவி, மறுபக்கம் ஓடிய வெந்நீர்க் குழாயோடு சேர்த்து வைத்து, முடிச்சு முடிச்சாகக் கட்டினார். இனிமேல் என்ஜின் சூடு ஏற ஏற இதுவும் சூடாகும் என்றார்.

ரேடியேட்டரில் ஓடைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். அவர் கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றினார். இருந்த டீசலில் வண்டி கிளம்பியது. சூடு ஏறக் காத்திருந்தார்கள்.

மணி இரண்டே முக்கால். பெண்கள் நால்வரும் பின்னால் நின்று காட்டுப் பக்கம் காது கொடுத்திருந்தார்கள். ஹைருன் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். துல்கர்னைன் பக்கத்தில் சேறும் எண்ணெயுமாக உட்கார்ந்திருந்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

அவள், முதல் தடவை மலை ஏறி இறங்கிய அன்றைக்கே சொல்லத்தான் போன் போட்டேன் என்றாள். அன்றைக்கு நேரே சொல்லாமல், நான் ஜீப் ஓட்டினா எப்படி இருக்கும் என்று விளையாட்டாகக் கேட்டாள். அவர் அந்தப் பக்கம் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களிடமும் சொல்லிச் சிரித்தார். அது பொம்பள ஓட்டுகிற வண்டியா, சுவரில் முட்டிவிட்டு வந்து அழுவாய் என்றார். அவர்களும் சிரிப்பது போனில் கேட்டது.

"அதுக்கப்புறம் சொல்லணும்னு தோணல."

துல்கர்னைன் வெகுநேரம் யோசித்தார். எவ்வளவு யோசித்தும் அப்படி ஒரு போன் அவருக்கு ஞாபகம் வரவில்லை. ஆறு வருஷம் ஒருத்தி மனசில் வைத்திருந்த சிரிப்பு அவர் மனசில் ஒருநாள்கூடத் தங்கவில்லை.

"எனக்கு ஞாபகமே இல்ல, ஹைரு," என்றார். "ஆனா சொல்லியிருப்பேன். சொல்லாம இருந்திருக்க மாட்டேன்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். சமாதானம் சொல்வார், இல்லை கோபப்படுவார் என்று ஆறு வருஷமாக நினைத்திருந்தாள். இந்தப் பதிலை நினைக்கவில்லை. கண்ணில் வந்ததை ரெயின்கோட்டுக் கையால் துடைத்துக்கொண்டு முள்ளைப் பார்த்தாள். முள் ஏறியிருந்தது.

திருகைத் திருப்பினாள். என்ஜின் ஒருமுறை தயங்கியது. பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. முத்துசெல்வி கல்லை எடுத்தாள். வண்டி ஏறியது.

* * *

மேக்கரை செக்போஸ்ட்டில் ரிஃபாத் மூன்று மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாள். சாரலில் தங்கச்சனின் வண்டியை மேலே விட வனத்துறை வாட்சர் சம்மதிக்கவில்லை. நாலு மணிவரை பார்ப்போம், வராவிட்டால் நாங்களே ஜீப் எடுத்துப் போகிறோம் என்று சொல்லியிருந்தார். தங்கச்சன் இரண்டு தடவை டீ வாங்கி வந்தார். ரிஃபாத் இரண்டையும் குடிக்கவில்லை.

மூன்று நாற்பதுக்குக் காற்றில் முதலில் வாசனைதான் வந்தது. நேந்திரங்காய் வறுபடுகிற வாசனை. பிறகு சத்தம். பிறகு வளைவில் மஞ்சள் விளக்கு.

ஹைருன் செக்போஸ்ட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, அணைக்காமல் ஓடவிட்டாள். டீசல் இல்லை, அணைத்தால் திரும்பக் கிளம்பாது. ரிஃபாத் ஓடிப்போய் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, என் தப்பு, என் தப்பு என்றாள். துல்கர்னைன் இறங்கி வந்தார். மகளைப் பார்த்து, என் தப்பும் பாதி இருக்கு, அப்புறம் சொல்லுதேன் என்றார்.

தங்கச்சன் தன் வண்டியில் இருந்த டீசல் கேனைக் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு ஜீப்பைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். துண்டுத் துணிகளால் சேர்த்துக் கட்டியிருந்த இரண்டு குழாய்களைத் தொட்டுப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டே, வண்டி பிடித்திருக்கிறது, பேசிய விலையே இருக்கட்டும் என்று துல்கர்னைனிடம் சொன்னார்.

எல்லாரும் துல்கர்னைனைப் பார்த்தார்கள். ஹைருன் மட்டும் பார்க்கவில்லை. அவள் டேங்கில் டீசல் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வண்டிய ஓட்டுறவகிட்ட கேளுங்க," என்றார் துல்கர்னைன்.

ஹைருன் கேனை நிமிர்த்தி மூடியைப் போட்டாள். திருகை டீசலுக்குத் திருப்பி, ஒரு நிமிஷம் ஓடவிட்டு, என்ஜினை அணைத்தாள். அந்த இடமே அமைதியாகிவிட்டது.

"விக்கல," என்றாள்.

இவ்வளவு தூரம் வந்த மனிதரைச் சும்மா அனுப்புகிறோமே என்று அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இரண்டு கூடைப் பழத்தை எடுத்து அவர் வண்டியில் வைக்கச் சொன்னாள். தங்கச்சன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அச்சன்கோவில் பக்கம் தனக்கு இரண்டு பழைய ஜீப்புகள் ஓடுகின்றன, இரண்டும் டீசலைக் குடித்துத் தீர்க்கின்றன, மோள் ஒருநாள் வந்து பார்க்க முடியுமா என்று ரிஃபாத்திடம் கேட்டார். முதலில் எங்கள் டிரம் ஒவ்வொன்றிலும் என்ன எண்ணெய் என்று எழுதி ஒட்டிவிட்டு வருகிறேன் என்றாள் அவள். காலையிலிருந்து இப்போதுதான் சிரித்தாள்.

* * *

பழக்கூடைகளைத் தென்காசி மார்க்கெட் வண்டியில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வர அஸர் தொழுகை நேரம் முடிந்துவிட்டது. துல்கர்னைன் கிணற்றடியில் நின்று சேற்றைக் கழுவினார். எண்ணெய் போகவில்லை. ரிஃபாத் சீயக்காய்ப் பொடி கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வீட்டில் அதற்கு அதுதான் மருந்து.

சட்டையை மாற்றும்போது போனில் சிக்னல் வந்து, காலையிலிருந்து தேங்கிக் கிடந்த செய்திகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசியாக வந்ததைப் படித்துவிட்டு அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். திரும்பவும் படித்தார்.

ஹைருன் ஜீப்பைக் கொட்டகையில் விட்டுவிட்டு, தார்ப்பாயை மடித்து மூலையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் அங்கே போய் நின்றார். போனை அவளிடம் நீட்டினார்.

குவாரி மேனேஜர் அனுப்பியிருந்தார். அவருக்குப் பதிலாகப் போட்ட ஆள் சரிப்படவில்லை. மெக்கானிக் பிரிவு முழுவதற்கும் தலைமைப் பொறுப்பு. இரண்டு வருஷம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஹைருன் ஒவ்வொரு வரியாக இரண்டு தடவை படித்தாள். 

"ரெண்டு தடவை இந்த மாதிரி வந்தது," என்றார் துல்கர்னைன். "ரெண்டு தடவையும் உங்கிட்ட கேக்காமலே சரின்னுட்டேன். போன்ல சொன்னேன், நீயும் சரின்னுட்ட. இந்தத் தடவ கேக்குதேன்."

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். மகளின் கல்யாணம் இன்னும் பேசி முடியவில்லை. குத்தகை வருகிற தை மாசம் முடிகிறது. அவர் பன்னிரண்டு நாளாக இந்த வீட்டில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் இருந்ததையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். போங்கள் என்று சொல்வதும் சுலபமில்லை, போக வேண்டாம் என்று சொல்வதும் சுலபமில்லை.

"வியாழக்கிழம சொல்லுதேன்," என்றாள்.

"சரி."

"அதுவரைக்கும் தெனம் ஆறு மணிக்கு வண்டில ஏறணும். தோட்டத்துல ரம்புட்டான் கெடக்கு, ஆளு பத்தல."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவள் கொட்டகை விளக்கை அணைத்தாள். இருவரும் வீட்டுக்குள் போனார்கள்.